இத்தாலியில் மின்சார நிறுவனம் மாற்றுவது: பில்லைப் படிப்பதிலிருந்து கடைசிப் பில் வரை

பலெர்மோவிலோ நாப்போலியிலோ ரெஜ்ஜோ எமிலியாவிலோ வாடகை வீட்டில் இருக்கும் நம்மவர்களில் பலருக்கு மின்சாரப் பொல்லெத்தா, அதாவது பில், என்பது வந்ததும் கட்டிவிட்டு மறந்துவிடும் ஒரு தாள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க நேரமும் இருப்பதில்லை, மொழியும் கைகொடுப்பதில்லை. அப்புறம் ஒருநாள் தொலைபேசியில் யாரோ அழைத்து "உங்கள் விலை ஏறப்போகிறது, உடனே மாற்றுங்கள்" என்று அவசரப்படுத்துவார். மாற்றியபின் பில் குறைந்ததா கூடியதா என்று கணக்குப் பார்க்கக்கூட வழி தெரியாது.

இத்தாலியில் 2007 ஜூலை 1 முதல் எந்த வீடும் தன் மின்சார விற்பனையாளரைத் தானே தேர்ந்தெடுக்கலாம். மாற்றுவதற்கென்று கட்டணம் இல்லை; சில நிலையான விலைத் திட்டங்களை முன்கூட்டியே விட்டால் மட்டும் கட்டணம் வரலாம், அதைப் பின்னால் சொல்கிறேன். மீட்டரை மாற்றவேண்டாம், வீட்டுக்கு ஆள் வரவேண்டாம், ஒரு நிமிடம்கூட மின்சாரம் நிற்காது. உண்மையான வேலை மாற்றுவதில் இல்லை, கணக்குப் போடுவதில்தான் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் பாதி கணக்கைப் பற்றியது.

முதலில்: எதை மாற்ற முடியும், எதை முடியாது

கம்பியும் மீட்டரும் விற்பனை நிறுவனத்துக்குச் சொந்தமல்ல. அவை விநியோக நிறுவனத்துக்கு உரியவை. நாட்டின் பெரும்பகுதியில் அது ஏ-திஸ்திரிபுத்ஸியோனே, ரோமில் அரேத்தி, மிலானோவில் உனரேத்தி. நீங்கள் எந்த விற்பனையாளரிடம் போனாலும் இவர்கள் மாறுவதில்லை. மின்தடை வந்தால் கூப்பிடவேண்டியதும் இவர்களைத்தான். ஏ-திஸ்திரிபுத்ஸியோனேயின் பழுது எண் 803500. "எங்களிடம் வந்தால் நல்ல மின்சாரம் வரும்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

பில்லில் நான்கு வகைப் பணம் இருக்கிறது. ஒன்று, மின்சாரத்தின் விலை. இரண்டு, கம்பிக்கும் மீட்டருக்குமான கட்டணம். மூன்று, ஓனெரி தி சிஸ்தேமா எனப்படும் பொதுச் சுமைகள். சூரிய, காற்று மின்சாரத்துக்கான உதவித்தொகை போன்றவை இதில் வருகின்றன. நான்கு, வரிகள்: ஓர் உற்பத்தி வரியும், வீடுகளுக்கு 10% ஈவா என்ற மதிப்புக்கூட்டு வரியும். இரண்டாவதையும் மூன்றாவதையும் நிர்ணயிப்பது அரேரா என்ற அரசு ஒழுங்குமுறை ஆணையம். அவை பலெர்மோவுக்கும் மிலானோவுக்கும் ஒன்றுதான், எந்த நிறுவனத்திலும் ஒன்றுதான். வரியும் அப்படியே. பொல்லெத்தாவிலேயே வரும் கனோனே ராய், அதாவது ஆண்டுக்கு 90 யூரோ தொலைக்காட்சிக் கட்டணம், மின்சாரத்தோடு தொடர்பே இல்லாதது. வீட்டில் தொலைக்காட்சியே இல்லையென்றால் அதை நிறுத்த வருமான வரித்துறையான அஜென்சியா தெல்லே என்த்ராத்தேக்கு உறுதிமொழி அனுப்பவேண்டும். ஆண்டு முழுவதற்கும் விலக்கு வேண்டுமென்றால் ஜனவரி 31க்குள் அனுப்பவேண்டும்.

ஆக, நிறுவனம் மாற்றினால் மாறுவது முதலாவது வகை மட்டுமே. அதிலும் இரண்டே எண்கள்தான் முக்கியம்: ஒரு யூனிட்டின் விலை, ஆண்டுக்கு ஒருமுறை என்று கணக்கிட்டு மாதமாதம் பிரித்து வாங்கும் நிலையான கட்டணம். விளம்பரத்தில் முதல் எண் பெரிய எழுத்தில் வரும். இரண்டாவது எண்ணை நீங்கள்தான் தேடிக் கண்டுபிடிக்கவேண்டும்.

பொல்லெத்தாவைக் கையில் எடுங்கள்

2025 ஜூலையிலிருந்து பில்லின் வடிவம் மாறியிருக்கிறது. இப்போது "ஸ்கொன்திரீனோ தெல்எனெர்ஜியா" என்ற பகுதி, கடை ரசீதைப் போல, எத்தனை யூனிட், என்ன விலை, மொத்தம் எவ்வளவு என்று காட்டுகிறது. குவோத்தா கொன்சூமி என்பது யூனிட் கணக்கில் வருவது. குவோத்தா ஃபீஸ்ஸா நிலையானது. குவோத்தா பொதென்சா மீட்டரின் கிலோவாட் அளவைப் பொறுத்தது. இவற்றுள் விற்பனையாளருக்குப் போவது எவ்வளவு, கம்பிக்கும் பொதுச் சுமைக்கும் போவது எவ்வளவு என்றும் பிரித்திருப்பார்கள். "பொக்ஸ் ஓஃபெர்த்தா" என்ற கட்டத்தில் உங்கள் திட்டத்தின் பெயரும் விலை முறையும் இருக்கும்.

பில்லிலிருந்து இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்:

- பொட் எண். IT என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும், 14 அல்லது 15 இலக்கம். இது உங்கள் இணைப்பின் அடையாளம். நிறுவனம் மாறினாலும் இது மாறாது.
- ஒரு முழு ஆண்டின் பயன்பாடு, கிலோவாட் மணியில். நாம் யூனிட் என்று சொல்வது இதைத்தான்.
- பொதென்சா இம்பெஞ்ஞாத்தா, அதாவது ஒப்பந்த மின்திறன். பெரும்பாலான வீடுகளில் 3 கிலோவாட்.
- ரெசிதெந்தேயா, நொன் ரெசிதெந்தேயா, அதாவது அந்த வீட்டில் பதிவான வதிவிடம் உள்ளவரா இல்லாதவரா.
- இப்போதைய திட்டம் எந்தத் தேதியில் முடிகிறது.

ஆண்டுப் பயன்பாடு பில்லில் சரியாகத் தெரியவில்லை என்றால் போர்த்தாலே கொன்சூமி என்ற அரசுத் தளத்தில் ஸ்பித் என்ற இணைய அடையாளத்தாலோ மின்னணு அடையாள அட்டையாலோ நுழைந்தால் உங்கள் மீட்டரின் கடந்த மூன்று ஆண்டு வரையான பயன்பாடு கிடைக்கும். இந்த எண் இல்லாமல் எந்த ஒப்பீடும் செய்யவேண்டாம். இரண்டு பேர் வேலைக்குப் போய் இரவு மட்டும் வீட்டில் இருக்கும் குடும்பத்துக்கும், மின்சார வெந்நீர்க் கொதிகலனும் குளிர்சாதனமும் ஓடும் ஐந்து பேர் குடும்பத்துக்கும் ஒரே திட்டம் மலிவாக இருக்காது.

ரெசிதெந்தே என்ற சொல்லில் கொஞ்சம் நில்லுங்கள்

நம்மவர்கள் வீடுகளில் நிறையப் பணம் வீணாகப் போவது இங்கேதான், அதை எந்த நிறுவன மாற்றமும் சரிசெய்யாது. கொமூனே என்ற நகராட்சி அலுவலகத்தில் பதிவான உங்கள் வதிவிடம் அந்த வீடுதான் என்றால் ஒப்பந்தம் ரெசிதெந்தேயாக இருக்கவேண்டும். நொன் ரெசிதெந்தே என்று இருந்தால் பொதுச் சுமைக்கு ஒரு நிலையான தொகையும் கூடுதலாகக் கட்டுவீர்கள். 3 கிலோவாட் வரையுள்ள ரெசிதெந்தே வீடுகளுக்கு மாதம் 150 யூனிட் வரை கிடைக்கும் உற்பத்தி வரி விலக்கும் கிடைக்காது. வாடகை வீட்டில் ஒப்பந்தம் வீட்டுக்காரர் பெயரிலேயே இருந்தால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

அப்படியானால் முதல் வேலை வொல்தூரா, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பை உங்கள் பெயருக்கு மாற்றுவது. பதிவு செய்யப்பட்ட வாடகை ஒப்பந்தம், அடையாள அட்டை, கோதிச்சே ஃபிஸ்காலே என்ற வரி அடையாள எண், பொட் எண் இவை வேண்டும். வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். வொல்தூராவுக்குச் சிறு கட்டணம் உண்டு. வொல்தூராவையும் நிறுவன மாற்றத்தையும் ஒரே விண்ணப்பத்தில் செய்யும் வழியும் இருக்கிறது, புதிய நிறுவனத்திடம் அப்படியே கேளுங்கள். மீட்டர் ஏற்கெனவே மூடப்பட்டிருந்தால் அதற்குப் பெயர் சுபென்த்ரோ. அது மறுபடி திறக்கும் வேலை, நிறுவன மாற்றம் அல்ல.

நீங்கள் இப்போது எந்தச் சந்தையில் இருக்கிறீர்கள்

அரசு விலை நிர்ணயித்த மஜ்ஜோர் துத்தேலா 2024 ஜூலை 1 அன்று பெரும்பாலான வீடுகளுக்கு முடிந்தது. அதுவரை எதையும் தேர்ந்தெடுக்காதவர்கள் துத்தேலே கிராதுவாலி என்ற சேவைக்குத் தானாக மாற்றப்பட்டார்கள். பகுதி பகுதியாக ஏலம் விட்டு அதற்கான நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஏலத்தில் போட்டி கடுமையாக இருந்ததால் நிலையான கட்டணம் மிகவும் குறைந்துவிட்டது. இந்தச் சேவை 2027 மார்ச் 31 வரை ஓடும். உங்கள் பில்லில் "செர்வீத்சியோ அ துத்தேலே கிராதுவாலி" என்று இருந்தால், யார் வந்து என்ன சொன்னாலும் நன்றாகக் கணக்குப் பார்க்காமல் வெளியே வராதீர்கள். திறந்த சந்தையில் அதைவிட மலிவான திட்டம் எளிதில் அகப்படாது. "உங்கள் சேவை முடிந்துவிட்டது, இன்றே கையெழுத்துப் போடாவிட்டால் மின்சாரம் துண்டிக்கப்படும்" என்பது பொய்.

75 வயதைத் தாண்டியவர்கள், 104ஆம் சட்டப்படி மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான போனுஸ் சொச்சாலே என்ற பில் உதவி பெறுபவர்கள் போன்ற வுல்னெராபிலே வாடிக்கையாளர்களுக்கு மஜ்ஜோர் துத்தேலா இன்னும் இருக்கிறது. வீட்டில் வயதான பெற்றோர் பெயரில் ஒப்பந்தம் இருந்தால் அதையும் ஒப்பீட்டில் சேருங்கள்.

மற்ற எல்லோரும் மெர்க்காத்தோ லீபெரோ என்ற திறந்த சந்தையில் இருக்கிறார்கள். மாற்றினால் பலன் கிடைக்க அதிக வாய்ப்பு இவர்களுக்குத்தான். அதிலும் பல ஆண்டுகளுக்கு முன் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்படியே விட்டவர்களுக்கு.

நிலையான விலையா, மாறும் விலையா

நிலையான விலைத் திட்டத்தில் யூனிட் விலை பெரும்பாலும் 12 அல்லது 24 மாதத்துக்கு அசையாது. மாறும் விலைத் திட்டத்தில் யூனிட் விலை புன் எனப்படும் மொத்தச் சந்தை விலையைப் பின்தொடரும். அதன்மேல் நிறுவனம் ஸ்பிரெட் என்று ஒரு சிறு தொகை சேர்க்கும். கம்பியில் போகும் இழப்புக்கு 10% அளவும் சேரும்.

புன் எப்படி ஆடும் என்பதை எண்களில் பாருங்கள். 2020இல் ஆண்டுச் சராசரி யூனிட்டுக்கு 4 சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. 2022இல் 30 சென்ட். அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதச் சராசரி மட்டும் 54 சென்ட். ரஷ்ய எரிவாயு வரத்துக் குறைந்ததும், இத்தாலியில் மின்விலையைப் பெரும்பாலான நேரம் எரிவாயு நிலையங்களே தீர்மானிப்பதும் அதற்குக் காரணம். 2024இல் சுமார் 11 சென்ட்டுக்கு இறங்கியது.

இதை வைத்து என் கருத்தைச் சொல்கிறேன். மாதச் சம்பளத்தில் இறுக்கமாகக் குடும்பம் நடத்துபவர்கள், ஊருக்கும் பணம் அனுப்புபவர்கள், நிலையான விலையை எடுப்பது நல்லது. சில யூரோ கூடக் கொடுத்தாலும் 2022 போல ஒரு வருடம் வந்தால் தாங்கிக்கொள்ளலாம். கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது, விலை ஏறினால் உடனே கவனித்து மாற்றுவேன் என்பவர்களுக்கு மாறும் விலை பொருந்தும். நீண்டகாலக் கணக்கில் அது மலிவாக வரக்கூடும். எதை எடுத்தாலும் நிலையான ஆண்டுக் கட்டணத்தைப் பார்க்காமல் எடுக்காதீர்கள்.

கணக்கு

விளக்கத்துக்காக இரண்டு திட்டங்களை எடுத்துக்கொள்வோம். முதலாவதில் யூனிட் 12 சென்ட், ஆண்டுக் கட்டணம் 144 யூரோ. இரண்டாவதில் யூனிட் 14.5 சென்ட், ஆண்டுக் கட்டணம் 72 யூரோ. விளம்பரத்தில் முதலாவதுதான் மலிவாகத் தெரியும்.

ஆண்டுக்கு 2,000 யூனிட் எரிக்கும் வீட்டில் முதலாவது 240 கூட்டல் 144, மொத்தம் 384 யூரோ. இரண்டாவது 290 கூட்டல் 72, மொத்தம் 362. விலை அதிகமாகத் தெரிந்த திட்டம் 22 யூரோ குறைவாக வருகிறது. அதே கணக்கை 4,000 யூனிட்டுக்குப் போட்டால் முதலாவது 624, இரண்டாவது 652; இப்போது முதலாவதுதான் மலிவு. இரண்டும் சமமாவது 2,880 யூனிட்டில். சின்ன வீடு, குறைந்த பயன்பாடு என்றால் நிலையான கட்டணம் குறைந்த திட்டத்தைத் தேடுங்கள். நிறைய எரிப்பவர்கள் யூனிட் விலையைத் துரத்துங்கள்.

மாறும் விலைக்கு இப்படிப் போடலாம்: புன் 11.5 சென்ட் என்று வைத்து, இழப்பு 10% சேர்த்தால் 12.65. ஸ்பிரெட் 1.2 சேர்த்தால் 13.85 சென்ட். 2,000 யூனிட்டுக்கு 277 யூரோ. அதோடு ஆண்டுக் கட்டணம். "ஸ்பிரெட் பூஜ்யம்" என்று விளம்பரம் வந்தால் அந்தப் பணத்தை ஆண்டுக் கட்டணத்தில் தேடுங்கள்.

நேரப் பட்டைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். எஃப்1 என்பது திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8 முதல் மாலை 7 வரை. எஃப்2 அதன் முன்பின் நேரமும், அதாவது காலை 7 முதல் 8, மாலை 7 முதல் இரவு 11, சனிக்கிழமை காலை 7 முதல் இரவு 11 வரையும். எஃப்3 இரவுகளும் ஞாயிறும் அரசு விடுமுறைகளும். முன்பெல்லாம் "இரவு ஏழு மணிக்குப் பின் துணி துவை" என்பது நல்ல அறிவுரையாக இருந்தது. இப்போது மதியத்தில் சூரிய மின்சாரம் நிறைய வருவதால் மொத்தச் சந்தையில் விலை உச்சம் தொடுவது பெரும்பாலும் மாலை நேரத்தில்தான். உங்கள் திட்டத்தில் பட்டைகளுக்கிடையே வித்தியாசம் எத்தனை சென்ட் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வித்தியாசம் சிறிதென்றால் ஒரே விலையான மோனோராரியா நிம்மதி.

தேடும் இடம்

போர்த்தாலே ஓஃபெர்த்தே. அரேராவின் பொறுப்பில் அக்குயிரென்தே ஊனிகோ என்ற பொது நிறுவனம் நடத்தும் இலவசத் தளம். தரகு வாங்கும் தனியார் ஒப்பீட்டுத் தளங்கள் தங்களோடு ஒப்பந்தம் உள்ள நிறுவனங்களைத்தான் முன்னே காட்டும், அதனால் தொடக்கம் இங்கே இருக்கட்டும். அஞ்சல் எண், ரெசிதெந்தேயா இல்லையா, மின்திறன், ஆண்டுப் பயன்பாடு இவற்றைக் கொடுத்தால், வரி உட்பட ஆண்டுக்கு எவ்வளவு வரும் என்ற மதிப்பீட்டோடு திட்டங்கள் வரிசையாக வரும். மேலே வரும் மூன்று நான்கைத் திறந்து பாருங்கள்.

பட்டியலில் பிளாச்செத் என்ற பெயரும் தென்படும். ஒவ்வொரு நிறுவனமும் கட்டாயம் வைத்திருக்கவேண்டிய திட்டம் அது. நிபந்தனைகளை அரேரா எழுதியிருக்கும், விலையை நிறுவனம் வைக்கும். இனாம் சேவைகளோ புள்ளிகளோ ஒட்டிவராததால் ஒன்றோடொன்று ஒப்பிட எளிது. எப்போதும் மலிவு என்று சொல்லமுடியாது.

பிடித்த திட்டத்தின் ஸ்கேதா சின்தேத்திகா என்ற சுருக்கத் தாளைத் திறந்து படியுங்கள். தள்ளுபடி முதல் ஆண்டுக்கு மட்டுமா? வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கட்டினால்தானா? முன்பணம் கேட்கிறார்களா? காப்பீடு, பழுதுபார்ப்பு என்று மாதச் சேவை ஏதாவது சேர்த்திருக்கிறார்களா? இவற்றோடு இன்னொன்றும் உண்டு: 2024 முதல், குறிப்பிட்ட காலத்துக்கு நிலையான விலை கொடுக்கும் திட்டத்தை முன்கூட்டியே விட்டால் கட்டணம் வசூலிக்க அனுமதி இருக்கிறது. ஆனால் தொகை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருக்கவேண்டும், நீங்கள் அதைத் தனியாக ஏற்றிருக்கவேண்டும். உங்கள் பழைய ஒப்பந்தத்திலும் இது இருக்கிறதா என்று பாருங்கள்.

கையெழுத்தும் அதன் பிறகும்

நிறுவனத்தின் இணையத்தளத்திலோ கடையிலோ நீங்களே போய்ச் செய்யுங்கள். கோதிச்சே ஃபிஸ்காலே, அடையாள அட்டை, பொட் எண், மின்னஞ்சல், தானாகக் கட்டுவதென்றால் வங்கிக் கணக்கின் இபான் எண். அவ்வளவுதான்.

பழைய நிறுவனத்துக்கு நீங்கள் எதுவும் எழுதவேண்டாம். இது மிக முக்கியம். "நான் விலகுகிறேன்" என்று திஸ்தெத்தா அனுப்பினால் அவர்கள் இணைப்பையே மூடிவிடலாம். பிறகு சுபென்த்ரோ செய்யவேண்டிவரும். விலகல் அறிவிப்பைப் புதிய நிறுவனம் உங்கள் சார்பில் செய்யும்.

இணையத்திலோ தொலைபேசியிலோ செய்த ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் கைவிடலாம். இதற்கு ரிபென்சமெந்தோ என்று பெயர். அழைக்காமல் வீட்டுக்கு வந்த முகவரிடம் கையெழுத்துப் போட்டிருந்தால் 30 நாள். புதிய நிறுவனம் ஒரு மாதத்தின் 10ஆம் தேதிக்குள் கோரிக்கையைப் பதிந்தால் வழக்கமாக அடுத்த மாதம் 1ஆம் தேதி மாற்றம் நடக்கும். அன்று மீட்டரின் பொத்தானை அழுத்தி, காட்டும் எண்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய பில்லும் புதிய பில்லும் அந்த எண்ணில் சந்திக்கவேண்டும்.

பழைய நிறுவனத்தின் கடைசிப் பில் ஆறு வாரத்துக்குள் வரவேண்டும். முன்பணம் கட்டியிருந்தால் அதில் திரும்பி வரும். அதுவரை வங்கிக் கட்டளையை ரத்துசெய்யாதீர்கள். பழைய பாக்கியை விட்டுவிட்டு ஓடவும் முடியாது: சிமோர் என்ற பெயரில் அது புதிய நிறுவனத்தின் பில்லில் வந்து சேரும். மறுபக்கம், இரண்டு ஆண்டுக்கு முந்தைய பயன்பாட்டுக்கு திடீரென்று பெரிய பில் வந்தால் அந்தப் பகுதியைக் கட்ட மறுக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

போனுஸ் சொச்சாலே பெறுபவர்கள் பயப்படவேண்டாம், நிறுவனம் மாறினாலும் அது கூடவே வரும். இன்னும் பெறாதவர்கள் காஃப் என்ற வரி உதவி அலுவலகத்தில் இசே என்ற குடும்ப வருமான, சொத்து மதிப்பீட்டுச் சான்றை எடுக்கவேண்டும். 2025இல் வரம்பு 9,530 யூரோ, குறைந்தது நான்கு பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு 20,000. தனி விண்ணப்பம் இல்லை. இசே பதிந்தால் பில்லில் தானாகக் கழியும். ஒப்பந்தம் குடும்பத்தில் ஒருவர் பெயரில் இருந்தால் போதும். ஒப்பந்தம் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும்வரை இந்த உதவியும் கைக்கு வராது என்பதால் வொல்தூராவைத் தள்ளிப்போடாதீர்கள்.

தொலைபேசியும் கதவும்

"நாங்கள் அரேராவிலிருந்து பேசுகிறோம்" என்று யாராவது அழைத்தால் வைத்துவிடுங்கள். அரேரா எந்தத் திட்டத்தையும் விற்பதில்லை, வீட்டுக்கு ஆளும் அனுப்புவதில்லை. "உங்கள் மீட்டரைச் சரிபார்க்கவேண்டும், பில்லைக் காட்டுங்கள்" என்பவர் பொட் எண்ணைத்தான் தேடுகிறார். அந்த எண்ணும் கோதிச்சே ஃபிஸ்காலேயும் கிடைத்துவிட்டால் உங்கள் பெயரில் விண்ணப்பம் போடலாம். தொலைபேசியில் பேசியதோடு ஒப்பந்தம் உறுதியாகிவிடாது; அதை எழுத்தில் அனுப்பவேண்டும், நீங்கள் ஏற்கவேண்டும். வீட்டில் இத்தாலியம் குறைவாகத் தெரிந்த பெரியவர்களுக்கு ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுங்கள்: "நொன் மி இந்தெரெஸ்ஸா, கிராத்சியே", அதாவது "எனக்கு விருப்பமில்லை, நன்றி." அழைப்பவர் பேச்சை வளர்த்தாலும் அதற்குமேல் எதுவும் சொல்லத் தேவையில்லை.

கேட்காத ஒப்பந்தம் வந்து விழுந்தாலோ, பில் தவறாக வந்தாலோ, முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் ரெக்லாமோ, அதாவது புகார், அனுப்புங்கள். 30 நாளுக்குள் அவர்கள் பதில் தரவேண்டும். பதில் சரியில்லை என்றால் அரேராவின் இலவச சமரச சேவையான கொன்சிலியாத்சியோனேக்குப் போகலாம். எல்லாம் இணையவழி, வழக்கறிஞர் தேவையில்லை. எப்படிச் செய்வது என்று தெரியாவிட்டால் ஸ்போர்த்தெல்லோ பெர் இல் கொன்சுமாத்தோரே என்ற நுகர்வோர் உதவி மையத்தைக் கேளுங்கள், கட்டணமில்லா எண் 800 166 654.

விலை மாற்றக் கடிதங்கள்

புதிய திட்டம் தொடங்கியதும் அது முடியும் தேதியைக் கைப்பேசி நாட்காட்டியில் மூன்று மாதம் முன்னதாகவே பதிந்துவையுங்கள். நிறுவனம் தானாக நிபந்தனையை மாற்ற நினைத்தால் குறைந்தது மூன்று மாதம் முன்பே தனியாக அறிவிக்கவேண்டும். அந்தக் கடிதம் பெரும்பாலும் விளம்பரம் போலவே தோற்றமளிக்கும், மின்னஞ்சலில் வந்தால் குப்பைப் பெட்டிக்கும் போகும். "ப்ரொப்போஸ்தா தி மோதிஃபிகா உனிலத்தெராலே" (ஒருதலைப்பட்ச மாற்ற முன்மொழிவு) என்ற தலைப்பைக் கண்டால் நிறுத்திப் படியுங்கள். புதிய யூனிட் விலையும் ஆண்டுக் கட்டணமும் அதில் இருக்கும். உங்கள் யூனிட் எண்ணிக்கையோடு மேலே சொன்ன கணக்கை மறுபடி போட்டு, போர்த்தாலே ஓஃபெர்த்தேயில் வருவதோடு ஒப்பிடுங்கள். அந்தக் கடிதத்தால் விலகுபவர்களிடம் எந்தக் கட்டணமும் வாங்கமுடியாது.